'ஸ்ட்ரைக்' என்னும் சொல்: பொருளும் பிறப்பும்

ஒரு சொல்லின் பொருளை அகராதியிற் கண்டறிவது எளிது. அப்பொருள் அச்சொல்லுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, எவருடைய வாயில் வழங்கி எவருடைய நலனையொட்டித் திரிந்தது என்பனவற்றைக் கண்டறிவது அத்துணை எளிதன்று. சொற்கள் தாமாகப் பொருள் மாறுவதில்லை. மனிதர் தம் வாழ்க்கைத் தேவைகளையொட்டி அவற்றைக் கையாளும்போதே அவை மாறுகின்றன. ஆகவே ஒரு சொல்லின் வரலாறு, ஓரளவுக்கேனும், அதனை வழங்கிய சமூகத்தின் வரலாறுமாகும்.

இவ்வகையில் ஆராய்தற்கு உகந்த சொற்களுள் ஒன்று 'ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கிலச் சொல். ஆங்கிலம் அறியாதாரும் அறிந்த சொல் இது. துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் இச்சொல்லைக் கேளாதார் இலர். ஆங்கிலத்தில் இதற்கு அடித்தல், தாக்குதல் என்ற பொருளும் உண்டு. வேலைநிறுத்தம் என்ற பொருளும் உண்டு. அடிப்பதைக் குறிக்கும் சொல் வேலையை நிறுத்துவதைக் குறிக்க வந்தது எவ்வாறு? 'தொழிலாளர் முதலாளிமாருக்குக் கொடுக்கும் அடி. ஆதலால் அப்பெயர் பெற்றது' என்று பலர் எண்ணுகின்றனர். வேலைநிறுத்தத்தை ஆதரிப்போர் இவ்விளக்கத்தைப் பெருமையோடும், எதிர்ப்போர் அதனை வன்முறையென்று காட்டும் நோக்கோடும் கூறுவதுண்டு. ஆயின் சொல்லின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடித்தலுக்கு முந்திய பொருள்

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதன்மையான பொருள் அடித்தல் என்பதில் ஐயமில்லை. மணிக்கூடு மணியடிப்பதும், தீக்குச்சியை உரசிப் பற்றவைப்பதும், இடி விழுவதும், நாணயம் பொறிப்பதும், நிலத்தை அகழ்வோர் பொன்னையோ எண்ணெயையோ எதிர்ப்படுவதும், ஓர் எண்ணம் திடீரென மனத்திற் படுவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தை எதிர்கொண்டு நிற்பவர் 'ஸ்ட்ரைக்கர்' எனப்படுகிறார். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலோ மட்டையை வீசியும் பந்து அதிற் படாமற் போவதே 'ஸ்ட்ரைக்' எனக் கணக்கிடப்படுகின்றது. கடந்த நூற்றாண்டின் போர்களையொட்டி விமானக் குண்டுவீச்சுக்கும் இச்சொல் உரியதாயிற்று.

இத்தகைய பொருட்பெருக்கம் தமிழ் வாசகருக்குப் புதுமையானதன்று. நமது 'அடி' என்னும் வினையும் அவ்வாறே பரந்து வழங்குகின்றது. மணியடிக்கிறோம், தந்தியடித்தோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், காற்றும் அடிக்கிறது, வெயிலும் அடிக்கிறது. பேரம் முடிவானமைக்கு அடையாளமாகக் கையோடு கை அடிக்கும் வழக்கத்தையொட்டி ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்பது உடன்படிக்கை செய்தலைக் குறிப்பதுபோல, தமிழிலும் 'கையடித்துக் கொடுத்தல்' என்ற வழக்கு உண்டு.

எனினும் ஓரிடத்தில் இவ்விரு மொழிகளும் முற்றிலும் எதிரெதிர்த் திசையிற் செல்கின்றன. தமிழில் கூடாரம் அடித்தல் என்றால் கூடாரத்தை எழுப்புதல். ஆங்கிலத்தில் கூடாரத்தை 'ஸ்ட்ரைக்' செய்தல் என்றால் அதனைப் பிரித்து இறக்குதல். கொடியை 'ஸ்ட்ரைக்' செய்தல் கொடியை இறக்குதலாகும். கடற்போரில் அது பணிந்தமைக்கு அறிகுறி. கப்பற்பாயை 'ஸ்ட்ரைக்' செய்தல் பாயைக் கீழே இறக்குதலாகும். அடித்தல் என்ற பொருளினின்று இவற்றை விளக்குதல் அரிது. எனவே அப்பொருளுக்கும் அடியில் வேறொரு பொருள் இருத்தல் வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு.

பழைய ஆங்கிலத்தை நோக்குமிடத்து இவ்வூகம் உறுதியாகின்றது. அங்கு இச்சொல்லின் மூலவடிவம் 'ஸ்ட்ரீக்கன்' என்பது. மேற்பரப்பில் மெல்லத் தடவிச் செல்லுதல், வழித்தல், தேய்த்தல், நகர்ந்து செல்லுதல் என்பனவே அதன் பொருள்கள். தடவுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரோக்', கோட்டையோ கீற்றையோ குறிக்கும் 'ஸ்ட்ரீக்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் இதன் உறவினங்களே. இனமொழிகள் இப்பழம்பொருளை இன்றும் பேணிவருகின்றன. ஜேர்மன் மொழியில் 'ஷ்ட்ரைஹன்' என்பது தடவுதல், பூசுதல், கோடிட்டு நீக்குதல் என்னும் பொருள்களோடு பாயையும் கொடியையும் இறக்குதல் என்ற பொருளையும் உடையது. டச்சு மொழியில் இதன் இனச்சொல் துணிக்கு இஸ்திரி போடுவதையும் குறிக்கின்றது.

ஆங்கிலத்திலும் இப்பழம்பொருளின் சுவடு முற்றாக அழிந்துவிடவில்லை. தானியம் அளக்கும்போது அளவைக்கு மேலே குவிந்திருப்பதை வழித்துச் சமப்படுத்தும் கோலுக்கு 'ஸ்ட்ரைக்' என்று பெயர். நமது கிராமங்களில் தலைதட்டி அளத்தல் என்று கூறப்படும் செயலே அது. எழுதியதன் மேல் கோடிழுத்து நீக்குவதும் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றது. தடவுதல் அழுத்தமாகி அடித்தலாயிற்று. ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டு முதல் அடித்தற்பொருள் மேலோங்கிற்று. கீழ்நோக்கி வழித்தல் இறக்குதலாயிற்று. இவ்வாறு ஒரே வேரினின்று இரு கிளைகள் பிரிந்தன. வேலைநிறுத்தம் என்னும் பொருள் இவற்றுள் எக்கிளையிற் காய்த்தது என்பதே வினா.

இறக்கப்பட்ட பாய்கள்

இவ்வினாவுக்கான விடை 1768ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு இங்கிலாந்துக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. கடுங்குளிரும் உணவு விலையேற்றமும் உழைப்போரை வாட்டின. மன்னராட்சியைத் துணிந்து விமரிசித்த ஜோன் வில்க்ஸ் என்பாரின் தேர்தல் வெற்றியையும் சிறைவாசத்தையும் ஒட்டித் தலைநகர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மே 10ஆம் தேதி இலண்டன் செயின்ட் ஜோர்ஜ் திடலிற் கூடிய மக்கள்மீது படையினர் சுட்டதிற் சிலர் மாண்டனர். நெசவாளர், தொப்பி செய்வோர், தையற்காரர், கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குவோர், மாலுமிகள் எனப் பல தொழிலினரும் கூலியுயர்வு கோரிக் கிளர்ந்தனர்.

வட இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தில் நிகழ்ந்ததை அக்காலத்து ஆண்டு நிகழ்ச்சித் தொகுப்பாகிய 'அனுவல் ரெஜிஸ்டர்' பதிந்துள்ளது. மாலுமிகள் கூட்டமாகச் சென்று, ஊர்ச் சந்தியில் நின்று, தம் குறைகளைக் கூறும் பத்திரமொன்றைப் படித்தனர். பின்னர் துறையில் நின்ற கப்பல்களில் ஏறி, பாய்களைத் தாங்கும் குறுக்கு மரங்களாகிய பருமல்களை இறக்கினர். கப்பல்கள் கடலுக்குச் செல்லாமற் செய்வதே அவர்தம் நோக்கம். இறக்கினர் என்பதற்கு அங்கு ஆளப்பட்டுள்ள வினை 'ஸ்ட்ரைக்' என்பதன் இறந்தகால வடிவமே. தேம்சு நதியில் நின்ற வணிகக் கப்பல்களிலும் இவ்வாறே பாய்கள் இறக்கப்பட்டன. அதே தொகுப்பின் அதே ஆண்டுப் பகுதியில் இலண்டனிலே தொப்பி செய்வோர் கூலி உயர்த்தப்படும்வரை வேலைசெய்ய மறுத்த செய்தியும் காணப்படுகின்றது. அங்கும் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. தொப்பி செய்வோரிடம் பாயும் இல்லை, பருமலும் இல்லை. துறைமுகத்தில் உண்மையான செயலைக் குறித்த சொல், நகரத்துப் பட்டறையிலே உருவகமாகிவிட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கருவிகளைக் கீழே வைத்தல் என்ற பொருளில் வழங்கிய தொடரினின்றும் இது சுருங்கியிருத்தல் கூடும் என்பர் சொல்லாய்வாளர் சிலர். அவ்விளக்கத்தை ஏற்பினும் முடிவு மாறாது. பாயை இறக்குதலும் கருவியைக் கீழே வைத்தலும் ஒரே திசையில் அமைந்த செயல்களே. இரண்டிலும் எவர்மீதும் அடி விழவில்லை.

மாலுமிகளின் செயலைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்கள் கப்பலைக் கொளுத்தவில்லை, பாயைக் கிழிக்கவில்லை, கப்பலை விட்டு ஓடவுமில்லை. கப்பலை இயக்கும் ஆற்றலை மட்டும் தற்காலிகமாக நிறுத்தினர். இறக்கிய பாயை மீண்டும் ஏற்றலாம். அதனை ஏற்றத் தெரிந்தவரும் இறக்கியவரே. தம் உழைப்பின்றிக் கப்பல் நகராது என்ற உண்மையைக் கண்கூடாக்குதலும், குறைகள் தீர்ந்ததும் அதனை மீண்டும் செலுத்தச் சித்தமாயிருத்தலும் அச்செயலிலே ஒருங்கே அடங்கியிருந்தன. இவ்விரு கூறுகளும் சேர்ந்ததே வேலைநிறுத்தம் எனலாம்.

ஒரு செயல், பல பெயர்கள்

புதிய பெயர் தோன்றியவுடன் பழைய பெயர்கள் மறைந்துவிடவில்லை. ஆள்வோர் இச்செயலுக்குத் தமக்கேற்ற பெயர்களையே வழங்கினர். 1797இல் ஸ்பிட்ஹெட் துறையில் நின்ற பிரித்தானியக் கடற்படை மாலுமிகள், ஏறத்தாழ 140 ஆண்டுகளாக உயர்த்தப்படாதிருந்த தம் சம்பளத்தை உயர்த்துமாறு கோரிக் கப்பலைச் செலுத்த மறுத்தனர். பகைவரின் கப்பற்படை வருமாயின் உடனே புறப்படுவோம் என்றும் அறிவித்தனர். செயலளவில் இது வேலைநிறுத்தமே. அவர்தம் கோரிக்கைகளும் பெரும்பாலும் ஏற்கப்பட்டன. எனினும் சட்டத்தின் மொழியில் இது படைக்கலகம் எனப்பட்டது. அதே ஆண்டு நோர் என்னுமிடத்தில் நிகழ்ந்த கிளர்ச்சி அடக்கப்பட்டு, அதன் தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் தூக்கிலிடப்பட்டார்.

1799, 1800ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் ஒன்றுசேர்வதையே குற்றமாக்கின. 'கூட்டுச்சேர்தல்' என்பதே அச்சட்டங்கள் இட்ட பெயர். லங்காஷயர் ஆலைப் பகுதிகளில் 'வெளியேற்றம்' என்று பொருள்படும் 'டேர்ன் அவுட்' என்ற சொல் நெடுங்காலம் வழங்கிற்று. 1824இல் அத்தடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன; மறு ஆண்டே புதிய கட்டுப்பாடுகள் வந்தன. இக்காலப்பகுதியில் 'ஸ்ட்ரைக்' என்பது வினையாக மட்டுமன்றிப் பெயராகவும் வழங்கலாயிற்று.

1842இல் வட இங்கிலாந்தின் ஆலைப் பகுதிகளிற் பரவிய பெருங்கிளர்ச்சியில் தொழிலாளர் கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி நீராவி இயந்திரங்களை நிறுத்தினர். காற்றின் ஆற்றலாற் கப்பல் சென்ற காலத்தில் பாயை இறக்கினர். நீராவியின் ஆற்றலால் ஆலை ஓடிய காலத்தில் அடைப்பானைப் பிடுங்கினர். உற்பத்திச் சாதனம் மாறிற்று. செயலின் உட்பொருள் மாறவில்லை. 1888இல் கிழக்கு இலண்டனின் தீப்பெட்டி ஆலையொன்றில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் செய்த குச்சிகளைப் பற்றவைத்தலும், அவர்கள் நிகழ்த்திய போராட்டமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டமை தற்செயலானதே எனினும் சுவையானது. மறு ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வென்றனர். இதன்பின் இச்சொல் உலகெங்கும் பரந்தது.

பிறமொழிச் சான்றுகள்

வேறு மொழிகள் இதே செயலுக்கு எவ்வாறு பெயரிட்டன என்பதை நோக்குதலும் பயனுடையது. பிரெஞ்சு மொழியில் வேலைநிறுத்தம் 'கிரேவ்' எனப்படும். அது கரையிலுள்ள மணல்மேட்டைக் குறிக்கும் சொல். பாரிஸ் நகரில் சேன் நதிக்கரையில் அமைந்த கிரேவ் சதுக்கத்தில் வேலை தேடுவோர் கூடி நிற்பது வழக்கம். 'கிரேவில் நிற்றல்' என்பது முதலில் வேலையின்றிக் காத்துநிற்றலைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் வேலையை மறுத்து நிற்றலைக் குறிக்கலாயிற்று. வேலை மறுக்கப்பட்டோரின் சொல், வேலையை மறுப்போரின் சொல்லாயிற்று.

ஸ்பானிய மொழியின் 'உவெல்கா' ஓய்ந்திருத்தலைக் குறிக்கும் வினையினின்று வந்தது. இத்தாலியச் சொல் தொழிலினின்று நீங்குதல் என்று பொருள்படும். ருஷ்யமொழியின் 'ஸபாஸ்தோவ்கா'வுக்கு மூலம், 'போதும்' என்று பொருள்படும் 'பாஸ்தா' என்ற இத்தாலியச் சொல். ஜேர்மன் மொழி ஆங்கிலச் சொல்லையே கடன்கொண்டது. இந்தியாவில் வழங்கும் 'ஹர்த்தால்' கடைக்குப் பூட்டிடுதலைக் குறிப்பது. ஓய்வு, நிற்றல், நீங்குதல், போதுமெனல், பூட்டுதல் என்று இவை வேறுபடினும் இவற்றுள் எதுவும் தாக்குதலைக் குறிக்கவில்லை. ஆங்கிலச் சொல் மாத்திரமே தாக்குதலைக் குறிப்பதுபோலத் தோன்றுகின்றது. அதுவும் வெறுந் தோற்றமே என்பதை மேலே கண்டோம்.

இலங்கையில்

ஆங்கிலத் தொழிற்சட்டத்தின் வழியாகவே இச்சொல் நமது நாட்டை அடைந்தது. பிரித்தானியாவில் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்ட தொழிலாளியைக் குற்றவாளியாகத் தண்டிக்கும் முறை 1875இல் ஒழிக்கப்பட்டது. ஆயின் இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அம்முறை 1920களின் தொடக்கம்வரை தோட்டத் தொழிலாளரைப் பிணித்திருந்தது. கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் அவர்களால் இயலவில்லை. அச்சட்டத்தின் மொழியில் வேலையை நிறுத்துதல் என்பதொன்று இல்லை. வேலையை விட்டோடுதல் என்பது மாத்திரமே இருந்தது.

நகரத்தில் நிலைமை வேறு. 1893இல் கொழும்பில் அச்சுத் தொழிலாளரும், 1906இல் மாட்டுக்கரத்தை ஓட்டுநரும், 1912இல் புகையிரதத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1923இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிற் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளர் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துதல் என வேலைநிறுத்தத்துக்கு வரைவிலக்கணம் வகுத்தது. ஆயினும் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாராற் சுடப்பட்டு இறந்தார். வரைவிலக்கணம் அவரைக் காக்கவில்லை. 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி, அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு 'ஹர்த்தால்' என்ற பெயரே நிலைத்தது. கூலி பெறுவோரோடு உழவரும் கடைக்காரரும் பங்குகொண்ட நிகழ்ச்சிக்கு அப்பெயர் பொருந்துவதே.

தமிழில் நாம் வழங்கும் சொற்களையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். இலங்கைப் பத்திரிகைகள் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்று எழுதுவதுண்டு. பகிஷ்கரித்தல் ஒதுக்கி விலக்குதலாகும். அதற்கு நேரான ஆங்கிலச் சொல் 1880இல் அயர்லாந்தில் நிலக்குடியினரால் ஒதுக்கிவைக்கப்பட்ட போய்க்கொட் என்பவரின் பெயரினின்று பிறந்தது. சிங்களத்திலும் 'வர்ஜனய' என்பது விலக்குதலே. இவற்றோடு ஒப்பிடுமிடத்து 'வேலைநிறுத்தம்' மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய சொல்லாகும். நிறுத்தியதைத் தொடரலாம் என்னும் குறிப்பு அதில் உண்டு. வேலைநிறுத்தத்தை முறிப்போரைத் தமிழில் கருங்காலி என்கிறோம். ஆங்கிலத்தில் அவர்க்குரிய பெயரும் கரிய காலையே குறிப்பது. மரத்தை வெட்டும் கோடரிக்குத் தானே காம்பாகும் கருங்காலி மரத்தின் நினைவும் அதிற் கலந்து அச்சொல்லுக்கு வலுவூட்டியது.

நிறுத்துதலும் விட்டுச்செல்லுதலும்

இவ்வேறுபாடுகள் சொல்லாய்வாளருக்கு மாத்திரம் உரியவையா? அன்று என்பதை 1980 ஜூலை மாதத்து நிகழ்ச்சி காட்டுகின்றது. சம்பளவுயர்வு கோரி அம்மாதம் நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தை எதிர்கொண்ட அரசு, அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அத்தியாவசிய சேவைகளைப் பிரகடனஞ்செய்தது. வேலைக்கு வராதோர் தம் பதவிகளை வறிதாக்கியவராகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். வேலைநிறுத்த உரிமையை ஏற்கும் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது அதற்கு முந்திய மாதத்திலேதான்.

'பதவியை வறிதாக்கினர்' என்ற தொடரை நோக்குக. வேலையை நிறுத்தியோர் வேலையை விட்டோராக அத்தொடரால் மாற்றப்பட்டனர். எவரும் அவர்களை நீக்கவில்லை, அவர்களே நீங்கினர் என்பது அதன் உட்கிடை. பிரான்சிலோ 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முகவுரை வேலைநிறுத்த உரிமையை ஏற்றது. வேலைநிறுத்தம் தொழில் ஒப்பந்தத்தை முறிப்பதில்லை; கடுந்தவறு இழைத்தோர் மட்டுமே அதற்கு விலக்கு என்று 1950ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று. ஒரே செயலை ஒரு சட்டம் இடைநிறுத்தம் என்கின்றது. மற்றொரு சட்டம் துறத்தல் என்கின்றது. இடையில் நிற்பது ஒரு சொல்தான். எனினும் அச்சொல்லைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அமைந்துவிடுகின்றன.

சொற்பிறப்பைக் கொண்டு உரிமையை நிலைநாட்டிவிட முடியாது என்பதை நாம் மறக்கவில்லை. 1768இல் ஒரு சொல் என்ன பொருள் தந்தது என்பது இன்றைய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அவ்வாண்டின் போராட்டங்கள் அனைத்தும் அமைதியாக நடந்தன என்றும் கூறுவதற்கில்லை. கூலித் தகராற்றையொட்டி எழுந்த மோதலிற் சுட்ட குற்றத்துக்காக நிலக்கரி இறக்குவோர் எழுவர் அவ்வாண்டு ஜூலையிற் தூக்கிலிடப்பட்டனர். ஆயினும் வேலைநிறுத்தம் இயல்பாகவே தாக்குதல் என்று கூறுவோரும், அது வேலையைத் துறத்தல் என்று கூறுவோரும் அச்சொல்லின் வரலாற்றைத் தமக்குச் சான்றாகக் காட்ட இயலாது. அவ்வரலாறு காட்டுவது வேறு. சண்டர்லாந்து மாலுமிகள் முதலிலே தம் குறைகளைப் படித்தனர். பின்னரே பாயை இறக்கினர். கப்பல் துறையிலேயே நின்றது. அதனை மீண்டும் கடலிற் செலுத்த வல்லவர்களும் அவர்களே.